கயிற்றில் ஓர் இழுப்பு

கீழக்கரை
12-2-1961

அன்புள்ள முத்தலிப் காக்கா அவர்களுக்கு, தங்கை நூருன்னிசாவின் ஸலாம். உம்மாவுக்கு மூட்டுவலி தவிர வேறு குறையில்லை. எனக்கு வாய் தவிர வேறு குறையில்லை என்று உம்மா சொல்கிறார்கள். உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுதவும்.

என் மச்சானின் கடிதம் வரவரத் தந்தி மாதிரி ஆகிவிட்டது. 'நலம், நீ நலமா, உம்மாவுக்கு ஸலாம்' என்று மூன்று வார்த்தை எழுதிப் பெரிய கையெழுத்துப் போட்டு மீதி இடத்தை நிரப்புகிறார். சிங்கப்பூரில் மை அவ்வளவு விலையா என்று கேளுங்கள்.

எதிர்வீட்டு ராத்தாவின் புருஷன் பினாங்கில் இன்னொரு நிக்காஹ் செய்துகொண்டாராம். ராத்தா ஒரு வாரமாக வெளியே தலைகாட்டவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் சிரிப்பை அடக்கமுடியவில்லை. புருஷனைத் தனியாக அக்கரைக்கு அனுப்பினால் அப்படித்தான், நான் என் காக்காவையும் சேர்த்தல்லவா அனுப்பியிருக்கிறேன் என்று தெருப் பெண்களிடம் சொன்னேன். சங்கு குளிக்கிறவனுக்கு அவன் மச்சான்தான் கயிறு பிடிக்கவேண்டும் என்று நம் ஊரில் வைத்திருப்பது சும்மாவா? சொந்தத் தங்கையை விதவையாக்கி நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் உட்காரவைக்க எவனும் கயிற்றைக் கைவிடமாட்டான். அங்கேயும் நீங்கள்தான் அவருக்குக் கயிறு பிடிக்கிறீர்கள் என்று கேட்டதிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

நோன்பு வருகிறது. இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.
நூருன்னிசா


டன்லப் தெரு, சிங்கப்பூர்
26-3-1961

அன்புத் தங்கை நூருன்னிசாவுக்கு முத்தலிப் எழுதிக்கொள்வது. அல்லாஹ் கிருபையால் சுகம். பெருநாள் தொழுகை இந்தத் தெருப் பள்ளிவாசலில்தான். உம்மாவின் மூட்டுக்குத் தைலம் ஒரு ஆளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாயே. சண்டைக்காலத்தில் மூழ்கிய ஜப்பான் கப்பல் ஒன்று தெற்குத் தீவுகளுக்கு அப்பால் கிடக்கிறது. அதிலிருந்து பித்தளையும் செம்பும் கழற்றி எடுக்கிறோம். ஊரில் மூச்சடக்கிக் குளித்தோம். இங்கே முதுகில் காற்றுச் சிலிண்டர், வாயில் ரப்பர் குழாய். ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கப்பலுக்குள் நுழைவான், மற்றவன் வெளியே மறுமுனையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். உன் மச்சான் ஜமால் ஒல்லி என்பதால் அவன் உள்ளே, நான் வெளியே.

ஒரு வேடிக்கை. நம் ஊரில் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் 'தூக்கு' என்று அர்த்தம் அல்லவா? இங்கே சொல்லிக்கொடுக்கும் துரை அதைத் தலைகீழாக்கிவிட்டார். ஓர் இழுப்பு என்றால் 'நலமாக இருக்கிறேன்'. நாலு இழுப்பு இழுத்தால்தான் ஆபத்து. முதல் வாரம் நலமாக இருந்த ஜமாலைப் பதறிப்போய் நான் வெளியே இழுத்துப் போட்டேன். அவன் திட்டிய திட்டில் மீனெல்லாம் ஓடியிருக்கும்.

மேலே வரும்போது வழியில் நின்று நின்றுதான் வரவேண்டும். நேராக ஏறினால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி ஆளை முடக்கிவிடுமாம். இன்னொரு சட்டமும் உண்டு. உள்ளே கூட்டாளி மாட்டிக்கொண்டு, உன் சிலிண்டரிலும் காற்று குறைவாக இருந்தால், நீ போகாதே. மேலே வந்து வேறு ஆளை அனுப்பு. ஒரு சவத்தை எடுக்கப்போய் இரண்டாக்கவேண்டாம் என்கிறார் துரை. கேட்க ஒருமாதிரியாகத்தான் இருக்கிறது.

ஜமால் வேலைக்குப் பக்கத்தில் வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான். அலைச்சலில் கடிதம் சுருங்கியிருக்கும். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.
முத்தலிப்


டன்லப் தெரு
16-4-1961

மச்சான் ஜமால் முகம்மதுக்கு,

ஸலாம். நீ சுகமாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை கேலாங் சிராய் சந்தையில் நானே பார்த்தேனே. கையில் மீன் பை, பக்கத்தில் ஒரு மலாய்ப் பெண். பேர் பரீதாவாம், நிக்காஹ் ஆகிவிட்டதாம், குழந்தையும் உண்டாகியிருக்கிறதாம். அவளுடைய அண்ணன் நூர்தீன் என்னையும் சொந்தக்காரனாக நினைத்து, காப்பி வாங்கிக் கொடுத்துச் சொன்னான். நான் அந்தக் காப்பியைக் குடித்தும்விட்டேன்.

வேலைக்குப் பக்கத்தில் அறை என்று என்னிடம் சொன்னாய். நான் அதை அப்படியே என் தங்கைக்கு எழுதினேன். அதாவது என் கையாலேயே அவளை ஏமாற்ற வைத்துவிட்டாய். நீ வராத வீட்டில் உன் சட்டையை வெயிலில் போட்டு எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள் அவள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் நீயே அவளுக்கு எழுது. எழுதவில்லை என்றால் நான் எழுதுவேன். தண்ணீருக்கடியில் உன் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதையும் கொஞ்சம் யோசித்துக்கொள்.
முத்தலிப்


கேலாங் சிராய்
20-4-1961

மச்சானுக்கு ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. ஒரே படகில் வேலைக்குப் போகிற நாம் கடிதம் போட்டுக்கொள்வது நமக்கே சிரிப்பாக இல்லையா?

நான் திருடவில்லை, நிக்காஹ் செய்துகொண்டேன். மார்க்கம் அனுமதித்ததுதான். எழுதுகிறேன், அவசரப்படுத்தாதே. நூருன்னிசாவின் வாய் உனக்குத் தெரியும், ஒரு நல்ல வார்த்தை கிடைக்க எனக்கும் நேரம் வேண்டும்.

கயிற்றைப் பற்றி எழுதியது நல்லதில்லை. அதைப் பரீதாவிடம் மலாயில் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். நூர்தீனுக்கும் தெரியும். திங்கட்கிழமை படகில் பார்ப்போம்.
ஜமால்


கீழக்கரை
11-6-1961

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம். நாங்கள் சுகம் என்று எழுதவேண்டும், எழுதிவிட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உங்களிடமிருந்தும் கடிதம் இல்லை, அவரிடமிருந்தும் இல்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார். நான் என்ன அவரைக் கடித்தா வைக்கப்போகிறேன்? கனவும் சரியில்லை. என்ன நடந்திருந்தாலும் எழுதுங்கள். எனக்குத் தாங்கத் தெரியும். தெரியாமல் இருக்கத்தான் தெரியாது.
நூருன்னிசா


சிங்கப்பூர்
9-7-1961

அன்புத் தங்கைக்கு, காக்கா எழுதுவது. ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன், பயப்படாதே. ஜமால் சுகமாக இருக்கிறான். முதலில் அதைப் படித்து உம்மாவுக்கும் சொல்லிவிட்டு மீதியைப் படி.

பெருநாள் கழிந்த திங்கட்கிழமை அவன் உள்ளே போயிருந்தான், நான் வெளியே கயிற்றோடு இருந்தேன். மேலே கிளம்பும் நேரம், இருவர் சிலிண்டரிலும் காற்று அடிமட்டம். உள்ளே ஏதோ சரிந்து தண்ணீர் கலங்கியது. கயிற்றில் ஓர் இழுப்பு வந்தது. துரையின் கணக்குப்படி ஓர் இழுப்பு என்றால் நலம், ஆகவே கொஞ்சம் நின்றேன். பிறகு மனசு கேட்கவில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன். கம்பிச் சுருளில் அவன் கால் மாட்டியிருந்தது. அவன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. என் குழாயை மாறி மாறி வாயில் வைத்துக்கொண்டு கம்பியை அறுத்தேன். இரண்டு பேருக்கு இருந்த காற்றில் வழியில் நின்று நின்று வரமுடியாது, நேராக ஏறிவிட்டோம்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் காலையிலும் ஒருமுறை இறங்கியிருந்தேன், அதனால் அந்தக் குமிழி நோய் என்னை மட்டும் பிடித்துக்கொண்டது. கடற்படையின் இரும்பு அறை ஒன்றில் அடைத்து வைத்தியம் பார்த்தார்கள். கால் கொஞ்சம் மரத்திருக்கிறது. சரியாகிவிடும் என்கிறார்கள்.

வேறு சேதி இல்லை. உம்மாவிடம் கால் விஷயம் சொல்லாதே.
முத்தலிப்


கீழக்கரை
2-8-1961

என் அருமைக் காக்கா, உங்கள் கால்களுக்கு என் ஸலாம். ஐந்து வேளையும் அவற்றுக்காகத்தான் துஆ கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். போகாதே என்று சட்டம் இருந்தும் போயிருக்கிறீர்களே. நிக்காஹில் என் கழுத்தில் கட்டிய கருகமணியைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் இது காக்கா போட்டது என்றுதான் இனி நினைப்பேன். ஆனால் இன்னும் யாரிடமும், உம்மாவிடம்கூட, சொல்லவில்லை, கண்ணேறு பட்டுவிடும். மச்சான் கைப்பட ஒரு வரி வரட்டும், தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துச் சொல்கிறேன். அவர் ஏன் இன்னும் எழுதவில்லை? கை நன்றாகத்தானே இருக்கிறது?

ஒன்று மட்டும் விளங்கவில்லை. குற்றமாகக் கேட்கவில்லை. ஓர் இழுப்பு வந்ததும் நின்றேன் என்கிறீர்கள். உயிர் போகிற நேரத்தில் குளியாளுக்கு வெள்ளைக்காரன் கணக்கு ஞாபகம் இருக்குமா? ஓர் இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று நம் தெருவில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியுமே. உங்களுக்குத் தோன்றவில்லையா?

விடுங்கள், போய்விட்டீர்கள் அல்லவா. அது போதும்.
உங்கள் நூருன்னிசா


கேலாங் சிராய்
17-9-1961

மச்சான் முத்தலிப்புக்கு ஸலாம். உடம்பு எப்படி என்று கேட்க எனக்கு முகமில்லை. இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து திரும்பினேன்.

நன்றி சொல்லத்தான் வந்தேன். சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் நீ நின்றாய், மச்சான். நான் கம்பிக்குள் கிடந்தேன், மூச்சு முட்டியது, கயிற்றை இழுத்துப் பிடித்தேன். எந்த இழுப்பு என்று உன் கைக்குத் தெரியும். வாசல் பக்கம் வெளிச்சத்தில் உன் நிழல் தெரிந்தது. அது அசையாமல் இருந்தது. கொஞ்ச நேரம் என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாயாம். உள்ளே கிடந்தவனுக்கு அது கொஞ்சமில்லை.

அடுத்த வாரம் லாபுவான் தீவுக்குப் போகிறோம். அங்கேயும் மூழ்கிய கப்பல்கள் உண்டு. நூர்தீனும் வருகிறான், இனி அவன்தான் எனக்குக் கயிறு. அவன் தங்கை என் வீட்டில் இருக்கிறாள், ஆகவே அவன் நிற்கமாட்டான். நூருன்னிசாவுக்கு நான் எழுதப்போவதில்லை. என்ன எழுதினாலும் அவளுக்குத் தகாது. நீ சொல்வேன் என்றாயே, சொல்லிக்கொள்.
ஜமால்


கீழக்கரை
21-1-1962

முத்தலிப் காக்காவுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனமில்லை.

அங்கே உங்களோடு இருந்த நம் ஊர் அப்துல் ஹமீது காக்கா, சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் ஊருக்கு வந்தார். வாசலில் நின்றே என்னிடம் மட்டும் எல்லாம் சொன்னார். கேலாங், பரீதா, பிறந்த ஆண்பிள்ளை, லாபுவான். உங்கள் இரண்டு காலும் இனி எழாது என்பதையும் அவர்தான் சொன்னார். 'கொஞ்சம் மரத்திருக்கிறது' என்று எழுதினீர்களே, காக்கா. என்னிடம் எதைத்தான் முழுசாகச் சொன்னீர்கள்?

எதிர்வீட்டு ராத்தா இப்போது என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தெரிந்தபிறகும் இப்படித்தான் அன்பாகப் பேசுவார், அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டே கேள்வி. அவரை மேலே தூக்கும்போது பரீதா விஷயம் உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் யாருக்காகத் தூக்கினீர்கள்?
நூருன்னிசா


டன்லப் தெரு
4-3-1962

தங்கை நூருன்னிசாவுக்கு ஸலாம். உடம்பு இப்படித்தான் இருக்கிறது. கம்பெனி கைகழுவிவிட்டது. ஒரு பாய் தயவில் சிராங்கூன் சாலையில் கடைகளை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் வெற்றிலையும் சிகரெட்டும் விற்கிறேன். காலையில் தூக்கிக்கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள், இருட்டினால் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

தெரியும். ஏப்ரலிலிருந்தே தெரியும். பெருநாளுக்குள் நீ சொல், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று அவனுக்குக் கடிதம் எழுதினேன். உன் கயிறு யார் கையில் என்றும் எழுதினேன். பெருநாள் வந்தது. உனக்கு எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கயிறு ஒரே ஒரு தடவை இழுபட்டது, நீளமாக, விடாமல். நம் ஊர் இழுப்பு என்று கைக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் துரையின் கணக்கில் அது 'நலம்'. அந்தக் கணக்கு அப்போது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. ஆபத்து என்றே வைத்துக்கொண்டாலும் காற்று குறைவு, சட்டப்படி மேலே போகலாம். என்னை யாரும் ஒன்றும் சொல்லமுடியாது. நீ விதவையாவாய், ஆனால் ஏமாந்தவளாக ஆகமாட்டாய் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஏன் போனேன்? உனக்காக என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை, நூருன்னிசா. அவனுக்கு நான் எழுதிய வரி ஞாபகம் வந்தது. பரீதாவுக்குத் தெரியும், நூர்தீனுக்குத் தெரியும். இவன் சவமாக மேலே வந்தால், மிரட்டியவன்தான் கயிறு பிடித்தான் என்று கேலாங் முழுக்கச் சொல்லும். மச்சானைக் கொன்றவன் என்ற பேரோடு நான் எந்த ஊரில் இருப்பேன்? என் பேருக்காகப் போனேன். உள்ளே போய் அவன் கண்ணைப் பார்த்தபிறகு பேரும் ஞாபகமில்லை, நீயும் ஞாபகமில்லை. குழாயை அவன் வாயில் வைத்தேன், அவ்வளவுதான்.

திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.
முத்தலிப்


கீழக்கரை
8-4-1962

காக்காவுக்கு ஸலாம். உம்மா சுகம். நானும் சுகம்தான், இனி இருப்பேன்.

நின்றபோது நீங்கள் நினைத்ததுதான் சரி. இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். இப்படி எழுதுவது பாவம் என்று தெரிந்தே எழுதுகிறேன். வைத்து வாழவுமில்லை, தலாக் சொல்லவுமில்லை, என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? விதவைக்காவது தெருவில் ஒரு மரியாதை உண்டு.

நேற்றுக் கருகமணியைக் கழற்றிவிட்டேன். உம்மா பதறிப்போய்க் கேட்டார்கள். மச்சான் கடலில் மௌத்தாகிவிட்டார், சிங்கப்பூரிலிருந்து சேதி வந்தது என்றேன். தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டு ராத்தா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இத்தாவில் உட்கார்ந்துவிட்டேன். நான் வேறு நிக்காஹ் செய்துகொள்ளப்போவதில்லை, ஆகவே என் பொய் என்னோடு போகும். ஹமீது காக்காவிடம், கண்டதை யாரிடமும் சொல்வதில்லை என்று அப்போதே ஆணை வாங்கிக்கொண்டுதான் கப்பலேற விட்டேன்.

ஜமாஅத்தில் உங்கள் கடிதம் கேட்கிறார்கள். கயிறு பிடித்தவர் நீங்கள் என்று ஊருக்கே தெரியும். காப்பாற்றப் போனேன், முடியவில்லை என்று எழுதாதீர்கள். பிறகு நீங்கள் மட்டும் எப்படி மேலே வந்தீர்கள் என்று கேள்வி வரும், கேட்டு எழுத ஆள் கிளம்பும், உங்கள் காலில் வந்து முடியும், அதிலிருந்து அவர் உயிரோடு இருப்பதும் வெளியே வந்துவிடும். போகவில்லை என்றே எழுதுங்கள். தன் அவமானத்தை யாரும் பொய்யாக எழுதமாட்டார்கள் என்று நம்பிவிடுவார்கள். காலைப் பற்றி ஓர் எழுத்து வரக்கூடாது. நீங்களும் ஊருக்கு வரக்கூடாது, உம்மாவுக்கு ஒன்று ஆனாலும்.

கொடுமை என்பீர்கள். அன்றைக்கு உங்கள் பேருக்காகப் போனேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்காக என்று இதுவரை ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பேரைத்தான் இப்போது கேட்கிறேன்.
நூருன்னிசா


சிங்கப்பூர்
30-7-1962

அல்லாஹ்வின் திருப்பெயரால். கீழக்கரை ஜமாஅத்தார் அனைவர் சமூகத்துக்கும், தங்கை நூருன்னிசாவுக்கும், அப்துல் முத்தலிப் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது.

என் தங்கை கணவர் ஜமால் முகம்மது சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிந்திய திங்கட்கிழமை, மூழ்கிய கப்பலுக்குள் வேலை செய்யும்போது மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மையித்துக் கிடைக்கவில்லை. இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்.

கயிறு என் கையில்தான் இருந்தது. அவர் இழுத்தார். நம் ஊர் இழுப்புத்தான், எனக்கு விளங்கியது. என் உயிருக்குப் பயந்து நான் உள்ளே போகவில்லை. வழியில் நிற்கவேண்டிய இடங்களில் நின்று, முறைப்படி மேலே வந்து சேர்ந்தேன்.

என் தங்கை மீது எந்தக் குற்றமும் இல்லை. அவளை யாரும் ஒன்றும் கேட்கவேண்டாம். உம்மாவுக்கு என் ஸலாம். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் நல்ல சுகத்துடன் இருக்கிறேன். கை கால்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அப்துல் முத்தலிப்